பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசினீர்களா? - சேலம் வாசகர் கேள்வி பதில்

இந்த முறை சேலம் மாவட்டத்திலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நானும் ஆத்தூர்ப் பக்கம் காடு வைத்திருக்கிறவன், விளைநிலத்தைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம். அதனால் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி பற்றிய பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெங்கவல்லி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்: இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு, ஐந்தாவது மாதம் நடக்கிறது. நுனியெல்லாம் சுருண்டு கொத்தாகிவிட்டது. கடையில் கொடுத்த மருந்தை மூன்று தடவை அடித்தும் பத்து நாளில் மறுபடி வந்துவிடுகிறது. வேறு நல்ல மருந்து சொல்லுங்கள்.

அடிப்பதை முதலில் நிறுத்துங்கள் அண்ணா. இதைப் படித்ததும் கோபம் வரும், தெரியும். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

நாளைக் காலையில் காட்டுக்குப் போய், சுருண்ட நுனி ஒன்றை ஒடித்து உள்ளங்கையில் வைத்துப் பிரித்துப் பாருங்கள். கணுவெல்லாம் நெருங்கி, இலை ஒன்றோடு ஒன்று ஒட்டி, குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். மடிப்புக்குள்ளே வெள்ளை மாவு பூசின மாதிரி, லேசான ரோஸ் நிறத்தில் பூச்சிகள் அடைந்துகிடக்கும். இதுதான் மரவள்ளி மாவுப்பூச்சி. பப்பாளியில் நாம் பார்த்த மாவுப்பூச்சி வேறு, இது வேறு. தென் அமெரிக்காவில் பிறந்து, 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, மரவள்ளியையே சோறாகத் தின்கிற நாடுகளைக் கதிகலங்க வைத்து, 2008இல் தாய்லாந்துக்கு வந்து, 2020இல் கேரளாவில் திருச்சூர்ப் பக்கம் தெரிந்து, அப்படியே நம் சேலம், நாமக்கல் காடுகளுக்கு வந்து சேர்ந்தது. இதில் ஆண் பூச்சியே கிடையாது. எல்லாம் பெண், இணை சேராமலே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மருந்து படாமல் மடிப்புக்குள் ஒன்றே ஒன்று தப்பினாலும் போதும், அதுதான் உங்கள் பத்து நாள் கணக்கு.

அதே நுனியில் இன்னொன்றையும் தேடுங்கள். மாவு உதிர்ந்து, உப்பிப்போய், பழுப்பாகக் காய்ந்த பூச்சி இருக்கிறதா, அதில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஓட்டை வழியாக ஒரு குளவி வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். அனாகைரஸ் லோபெசி என்று பெயர். குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்காதீர்கள், எறும்பைவிடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையை வைத்துவிடும், உள்ளே பொரிக்கிற புழு அதைத் தின்றே வளர்ந்து குளவியாகி வெளியே வரும். 1981இல் பராகுவே நாட்டில் இதைக் கண்டுபிடித்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பெருக்கி விட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானிக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைத்தான் பெங்களூரில் இருக்கிற தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துப் பறக்க விட்டது.

நீங்கள் மூன்று தடவை அடித்த மருந்து மாவுப்பூச்சியில் பாதியைக் கொன்றிருக்கும், குளவியையும் மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டையும் முழுசாகக் கொன்றிருக்கும். 2021இல் நானும் இதையேதான் செய்தேன். கடைக்காரர் ஒருவர் சொன்னபடி இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடித்தேன், ஒரு வாரம் காடு சுத்தமாகத் தெரிந்தது, அடுத்த வாரம் முன்னைவிட மோசம். காசு போனதுகூடப் பெரிதில்லை, வரப்போரம் செத்துக்கிடந்த பொறிவண்டுகளைப் பார்த்தது இன்னும் மனசில் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது என்னவென்றால், ஆளுக்கொரு சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சுருண்ட நுனிகளை ஒடித்து அதில் போடுங்கள். ஒடித்ததை வரப்பில் வீசாமல் காட்டுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். பழுப்பாகக் காய்ந்த பூச்சி நிறைய இருக்கிற நுனியை மட்டும் விட்டுவிடுங்கள், உள்ளே குளவி இருக்கலாம். மோட்டார்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே நிறையப் பூச்சி கழுவிப் போகும், நல்ல மழை பெய்தால் அந்த வேலையை மழையே செய்யும். அப்புறமும் தாங்கவில்லை என்றால் லிட்டருக்கு 20 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலமாக, பூச்சி இருக்கிற செடிக்கு மட்டும் அடிக்கலாம். ஏத்தாப்பூரில் போய்க் குளவி கேளுங்கள். பெருக்குகிற அளவைப் பொறுத்துத்தான் கொடுக்க முடியும், அதனால் தனி ஆளாகப் போவதைவிட ஊரிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து போனால் நல்லது.

பத்துப் பேர் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் குளவியை விட்டுவிட்டு வந்த மறுநாள் பக்கத்துக் காட்டுக்காரர் பவர் ஸ்பிரேயர் எடுத்தால் எல்லாம் போயிற்று. குளவிக்கு உங்கள் வரப்பும் தெரியாது, அவர் வரப்பும் தெரியாது. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் அவரிடம் போய்ப் பேசுவதைச் செய்யுங்கள்.

விதைக்குச்சி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். இந்தப் பூச்சி தூரம் தாண்டுவதே நாம் கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றுகிற குச்சியில்தான். அடுத்த நடவுக்குப் பூச்சி விழுந்த காட்டுக் குச்சியை, சும்மா கொடுத்தாலும், வாங்காதீர்கள். தேமல் நோயும் அப்படியே. இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகிக் கோணிக்கொள்வது தேமல், அதற்கும் மாவுப்பூச்சிக்கும் சம்பந்தமில்லை. அது குச்சியிலும் வரும், வெள்ளை ஈ மூலமாகவும் வரும். காட்டில் தேமல் இல்லாத செடிகளுக்கு இப்போதே ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்து, அறுப்பின்போது அந்தச் செடிகளின் நடுத்தண்டை மட்டும் விதைக்கு எடுங்கள். ஏத்தாப்பூர் ரகமான ஒய்டிபி 2, திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீ ரக்ஷா ஆகியவை தேமலைத் தாங்கும். முள்ளுவாடி ரகத்தை விட மனசு வராதவர்கள் இவற்றை அரை ஏக்கரில் மட்டும் போட்டுப் பார்க்கலாம்.

ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: 28 பாயிண்ட் வரும் என்று நம்பிக் கிழங்கு ஏற்றினோம். ஜவ்வரிசி மில்லில் 24 என்று சொல்லிக் காசைக் குறைத்துவிட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றும் நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாயிண்ட் நிஜமாகவே குறைவதற்கும் காரணங்கள் இருக்கின்றன, இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் சண்டை போட முடியும்.

பாயிண்ட் என்பது கிழங்கில் எவ்வளவு மாவு என்கிற கணக்கு. குறிப்பிட்ட எடைக் கிழங்கை முதலில் காற்றில் நிறுத்து, அப்புறம் கூடையோடு தண்ணீரில் மூழ்கவிட்டு நிறுப்பார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும், நீர் கோத்த கிழங்கு லேசாகிவிடும். வறட்சிக்குப் பின் மழை பெய்து செடி புதுத்தழை விட்டால், அந்தத் தழைக்கான சத்தைக் கிழங்கிலிருந்துதான் எடுக்கும், அந்த நேரத்தில் பிடுங்கினால் பாயிண்ட் இறங்கிவிடும். முற்றாமல் பிடுங்கினாலும் இதே கதை. பிடுங்கிய கிழங்கை லாரி வரவில்லை என்று இரண்டு மூன்று நாள் குவித்துப் போட்டால் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட்டுவிடும், அதை எந்த மில்லும் நல்ல விலைக்கு எடுக்காது.

சரி, ஏமாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? தொங்கு தராசு ஒன்று, டிரம் தண்ணீர், கம்பிக்கூடை, இவ்வளவுதான் செலவு. ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி வைத்துக்கொண்டு, பிடுங்குவதற்கு முந்தின நாள் இரண்டு மூலையிலிருந்து மாதிரி எடுத்து நிறுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று லோடு போனதும் உங்கள் தராசுக்கும் மில் தராசுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது கைக்கு வந்துவிடும். மில்லில் நிறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பெண் என்பதால் ஆபீஸில் உட்காரச் சொல்வார்கள், உட்காராதீர்கள்.

சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லாருக்கும் பெருமைதான். ஜவ்வரிசி விற்கிற மில்காரர்களுக்கு 1981லிருந்தே சேகோசர்வ் என்ற கூட்டுறவு இருக்கிறது, சரக்கைக் கிடங்கில் வைத்து டெண்டரில் விற்றுக்கொள்ள முடிகிறது. கிழங்கு போடுகிறவனுக்கோ பிடுங்கிய மறுநாளே விற்றாக வேண்டிய நிலைமை. இந்த இடத்தில்தான் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 2020இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் சமவெளியில் 300 பேர், மலைப் பகுதியில் 100 பேர் சேர்ந்தால் போதும் என்று இருந்தது. உறுப்பினர் போடுகிற பங்குத்தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தத்தில் 15 லட்சம் வரை மானியம் என்று வைத்திருந்தார்கள். மானியத்துக்காக ஆரம்பித்துப் பலகை மட்டும் மாட்டியிருக்கிற நிறுவனங்களும் உண்டு, அதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் ஆரம்பித்தால் முதல் வேலையாக அந்தத் தராசை வாங்குங்கள்.

மேச்சேரி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்: மேட்டூர் அணை பக்கத்திலேயே இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லை. 800 அடி போர் வற்றிவிட்டது. 1,200 அடி போடலாமா?

வேண்டாம். நம்முடையது பாறை பூமி. மேலே மக்கின மண்ணிலும் அதற்குக் கீழே பாறைப் பிளவிலும்தான் தண்ணீர் நிற்கும், ஆழம் போகப் போகப் பிளவு குறையும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்றால் ஊரே வேடிக்கை பார்க்கும், புகை பறக்கும், அடிக்கணக்கில் பணம் போகும். தண்ணீரே வந்தாலும் அது பக்கத்துத் தோட்டக்காரர் போரிலிருந்து இழுத்ததாக இருக்கும், அடுத்த வருடம் அவர் 1,400 போடுவார்.

மேட்டூர் உபரி நீரைச் சரபங்கா ஆற்றுப் பக்கம் 100 ஏரிகளுக்குக் கொண்டுபோக 565 கோடியில் திட்டம் போட்டார்கள். அது அணை நிரம்பி வழிகிற காலத்துத் தண்ணீர், எல்லா வருடமும் நம்ப முடியாது. ஆனால் வருகிற வருடத்தில் அதைப் பிடித்து வைக்க உங்கள் ஏரியும் வாய்க்காலும் சுத்தமாக இருக்க வேண்டாமா? ரிக்குக்குக் கொடுக்க வைத்திருக்கிற பணத்தில் பாதியில் பண்ணைக்குட்டை வெட்டிவிடலாம், வற்றின போரைச் சுற்றி ஜல்லியும் மணலும் போட்டு மழைநீரை வடிகட்டி உள்ளே இறக்கலாம். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தலைவாசல் பக்கத்திலிருந்து ஒரு இளைஞர்: ட்ரோன் வாங்கி வாடகைக்கு ஓட்டலாம் என்று இருக்கிறேன். எங்கள் பக்கம் மக்காச்சோளம் அதிகம். லாபம் வருமா?

மக்காச்சோளத்துக்கு ட்ரோன் நல்ல துணை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை தம்பி. 2018இல் படைப்புழு வந்ததிலிருந்து மருந்தடிக்காமல் மக்காச்சோளம் எடுப்பது கஷ்டமாகிவிட்டது. பயிர் ஆள் உயரம் வந்தபின் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறவர் மூச்சில் இழுப்பது பாதி மருந்து, காலடியில் பாம்பு இருந்தாலும் தெரியாது. 10 லிட்டர் டேங்க் ட்ரோன் ஒரு ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும், ஆள் வரப்பில் நின்றால் போதும். ஆனால் பயிர் சின்னதாக இருக்கும்போது மருந்து குருத்துக்குள் இறங்க வேண்டும், அப்போது கைத்தெளிப்பான்தான் சரி. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி, ஊடுபயிராக உளுந்து, இவற்றை ட்ரோன் வந்துவிட்டது என்பதற்காக விட்டுவிட வேண்டாம் என்று உங்களிடம் வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள்.

தொழிலாக என்றால், முதலில் பைலட் சான்றிதழ் எடுங்கள், 2021 ட்ரோன் விதிகளின்படி அது இல்லாமல் ஓட்ட முடியாது. சொந்தமாக வாங்குமுன் ஒரு பருவம் வேறொருவரிடம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் அம்மாவோ அக்காவோ மகளிர் குழுவில் இருந்தால் 2023இல் அறிவித்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் குழுவுக்கு 80 சதவீதம், 8 லட்சம் வரை மானியம் என்று வைத்திருந்தார்கள், இப்போதும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு காட்டில் மருந்தடிக்கும்போது காற்று திரும்பி, சாரல் அடுத்த மல்பெரித் தோட்டத்தில் விழுந்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் அந்தத் தழையைப் பறித்துப் போட்டிருக்கிறார்கள், சாயங்காலத்துக்குள் தட்டுத்தட்டாகப் பட்டுப்புழு தலையைத் தூக்கியபடியே செத்துப்போனது. இன்னும் நாலு நாளில் கூடு கட்ட வேண்டிய புழு. அந்தத் தோட்டத்து அக்கா புழுவைக் கூடையில் வாரிக் குழியில் கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ட்ரோனில் சாரல் இன்னும் மெல்லியது, இன்னும் தூரம் போகும். அதனால் ஒரு காட்டுக்கு வேலை ஒத்துக்கொண்டால், முந்தின நாளே நாலு பக்கமும் நடந்து போய் யார் மல்பெரி வைத்திருக்கிறார்கள், யார் தேனீப்பெட்டி வைத்திருக்கிறார்கள், எங்கே மரவள்ளியில் குளவி விட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். வாடகையில் அந்த நடைக்கும் சேர்த்துக் காசு கேளுங்கள், தப்பில்லை.

ஏற்காடு, நாகலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: ஒன்றரை ஏக்கர் காபி. நன்றாக இருந்த செடி திடீர் திடீரென்று மஞ்சளடித்துக் காய்கிறது. நிழல் அதிகம் என்று சொல்லிப் போன வருடம் சில்வர் ஓக் கொஞ்சம் வெட்டி விற்றோம். காட்டெருமைத் தொல்லை வேறு.

காய்ந்த செடியின் தண்டைக் கையால் தடவிப் பாருங்கள் அக்கா. வளையம் வளையமாக மேடு தட்டினால் அது வெள்ளைத் தண்டுத் துளைப்பான். உள்ளே புழு சுரங்கம் போட்டுத் தண்டையே தின்றிருக்கும், அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. மரம் வெட்டியது இதற்கு வழி திறந்துவிட்டிருக்கிறது. இந்த வண்டு வெயில் படுகிற அராபிகா வகைக் காபித் தண்டைத் தேடித்தான் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். சில்வர் ஓக் விற்ற பணம் அவசரத்துக்கு உதவியிருக்கும், அதைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட மலையில் வேறு என்ன இருக்கிறது. ஆனால் வெட்டின இடத்தில் இந்த மழையிலேயே நிழல் மரக் கன்று வைத்துவிடுங்கள், கல்யாண முருங்கை சீக்கிரம் வரும்.

வண்டு பறக்கிற காலம் ஏப்ரல், மே ஒரு தடவை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒரு தடவை. அதற்கு முன்னாலேயே வளையம் தட்டின செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். அடுப்பெரிக்கலாம் என்று வீட்டுப் பின்னால் அடுக்கி வைத்தால் அதிலிருந்தே வண்டு வெளியே வரும். நல்ல செடிகளின் தண்டைத் தென்னை நார்க் கையுறையால் தேய்த்து, வெடித்த பட்டையை உதிர்த்துவிடுங்கள், முட்டை வைக்க இடம் இருக்காது. அப்புறம் 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு கலந்து, கொஞ்சம் பசையும் சேர்த்துத் தண்டுக்கு அடியுங்கள். ஒன்றரை ஏக்கருக்கு வீட்டு ஆட்களே போதும். மேலே இருக்கிற தோட்டம் ஆளில்லாமல் புதராகக் கிடந்தால் வண்டு அங்கிருந்து வந்துகொண்டேயிருக்கும். தோட்டக்காரர் சென்னையில் இருந்தாலும் காவலாளியிடம் எண் வாங்கிப் பேசுங்கள், காய்ந்த செடியை நாங்களே பிடுங்கிக்கொள்கிறோம் என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

காட்டெருமைக்கு என்னிடம் முழு மருந்து இல்லை. லைன் கம்பியிலிருந்து நேரடியாக மின்சாரம் விடுவதை மட்டும் கனவிலும் நினைக்க வேண்டாம், மாடு மட்டுமா, விறகு பொறுக்கப் போகிற நம் பிள்ளைகளும் சாகும். சூரிய மின்வேலிக்கு 2023இல் தமிழ்நாடு அரசு விதி கொண்டுவந்திருக்கிறது, வனத்துறையிடம் பதிந்து, தரமான கருவி வைத்துப் போட வேண்டும். நாலு சின்னத் தோட்டத்தைச் சுற்றி ஒரே வேலியாகப் போட்டால் ஆளுக்குச் செலவு குறையும். பயிர்ச்சேதத்தைப் போட்டோ எடுத்து உடனே வனத்துறைக்கு மனுக் கொடுங்கள், நாள் கடத்தினால் கேட்க மாட்டார்கள்.

தாரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா: பையன் இன்ஜினியரிங் முடித்து பெங்களூரில் நாலு வருடம் வேலை பார்த்தான். இப்போது வந்து ஆடு வளர்க்கிறேன், காய்கறி போடுகிறேன் என்கிறான். அவன் அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண்ணும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. பெண் வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் அம்மாக்கள் விடியற்காலையில் பால் கறந்து, பகலெல்லாம் களை வெட்டி, ராத்திரி அடுப்பில் நின்றார்கள், அவர்கள் பேரில் ஒரு சென்ட் பட்டா இருந்ததா? அதைப் பார்த்து வளர்ந்த பெண் யோசிக்கத்தான் செய்வாள். பையனுக்கு மாதம் இவ்வளவு கையில் நிற்கிறது என்று காட்டுகிற ஒரு கணக்கு நோட்டு வேண்டும். வருகிற பெண் வேலைக்குப் போகவும் அவள் பேரில் நிலம் இருக்கவும் உங்கள் வீடு சம்மதிக்கும் என்பதை நீங்களே வாயால் சொல்ல வேண்டும். மாமியார் சொன்னால் அதற்கு மதிப்பே வேறு.

பையனுக்கு எல்லா நிலத்தையும் கொடுக்காதீர்கள், ஒரு ஏக்கரை இரண்டு வருடத்துக்கு விடுங்கள். பெங்களூர்ச் சேமிப்பை முழுக்கக் கொட்டகையில் போட விடாதீர்கள். யூடியூபில் பார்த்துவிட்டு வெளிமாநில ஆடுகளை ஐம்பதாக வாங்கி இறக்கி, முதல் மழையிலேயே பாதியை இழந்தவர்களை எனக்குத் தெரியும். நம் வெயிலுக்கும் நம் மேய்ச்சலுக்கும் பழகினது மேச்சேரி இனச் செம்மறி ஆடுதான். பத்துப் பெட்டையும் ஒரு கிடாயும் போதும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் என்ன பயிற்சி நடக்கிறது என்று கேட்கட்டும், காய்கறியைச் சூரமங்கலம் உழவர் சந்தையில் அவனே உட்கார்ந்து விற்றுப் பார்க்கட்டும்.

அப்பா பேசாமல் இருப்பதுதான் உங்களுக்குப் பெரிய வலி என்று தெரிகிறது. பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். கிடா பார்க்கப் போகும்போது அவரையும் வண்டியில் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வர மாட்டேன் என்றால், தனக்குப் பல் பார்த்து வயசு சொல்லத் தெரியாது, ஏமாந்துவிடுவேன் என்று பையன் அவரிடமே சொல்லட்டும். நிஜமாகவே அவனுக்குத் தெரியாதுதானே. கிடாயின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறவர் நாலு வார்த்தை பேசாமல் இருக்க மாட்டார்.